ஒஸ்ரினை விட்டு இறங்கிய பொறி

தாழைத்துறையில், மாமியும் மருமகளும் மட்டும் குடியிருந்த ஒரு வளவில், கிடுகுக் கொட்டிலுக்குள் பகீரதனின் ஒஸ்ரின் கார் ஒரு வருடமாக அசையாமல் நின்றது. சண்டைக் காலத்தில் பெற்றோல் கிடைக்காதபோது மண்ணெண்ணெயில் ஓடி, ஊரின் கலியாணப் பெண்களையும் காய்ச்சல்காரரையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் மீன்பெட்டிகளையும் பேதம் பாராமல் ஏற்றி இறக்கிய கார் அது. பகீரதன் ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவக் கிணற்றடிக்குப் போனான், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உடுப்புத் தோய்க்கிற கல்லில் இருந்தான், இருந்தபடியே போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் மனைவி சுகிர்தா கொட்டில் பக்கம் போகவில்லை. கார் ஓடத் தெரிந்தவள்தான், கடற்கரை ஒழுங்கையில் பகீரதனே பழக்கி லைசென்சும் எடுத்துக் கொடுத்திருந்தான். ஆனால் இப்போது ஜன்னலோரம் தையல் மெசினின் முன்னால் இருந்து ஊராரின் சட்டைகளைத் தைத்துக்கொண்டு, வேலிப் படலையைத் தாண்டாமலே நாட்களைப் போக்கினாள்.

ஒரு காலையில் மாமி இரத்தினம் தேத்தண்ணியை அவள் முன்னால் வைத்துவிட்டு, "கார் ஓட வேணும்" என்றாள்.

"ஆர் ஓடுறது, மாமி?"

"நீதான்."

"பற்றறி செத்துப்போச்சு."

"சார்ச் பண்ணக் குடுத்திட்டன். யோகேந்திரன் கொண்டுவாறான்."

சந்தியில் கார் திருத்துகிற கராச் வைத்திருந்த யோகேந்திரன் பள்ளிக்கூடத்தில் பகீரதனோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். பற்றறியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான், எஞ்சின் மூடியான பொனற்றைத் திறந்தான், உள்ளே கூடு கட்டியிருந்த எறும்புகளிடம் மன்னிப்புக் கேட்பவன்போல மெதுவாக ஊதிக் கலைத்தான். பெற்றோல் வருகிறது, காற்றும் வருகிறது, எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கத்தான் இல்லை. "அப்ப பொறியிலதான் பிழை" என்று சொல்லி, நாலு பிளக்குக்கும் பொறியைப் பங்கிட்டுக் கொடுக்கிற டிஸ்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினான். அதற்குள்ளே, திறந்து மூடித் திறந்து மூடிப் பொறியை உண்டாக்குகிற இரண்டு சின்ன உலோக உதடுகளும், அவைதான் பொயின்ற், கறுத்துத் தீய்ந்து கிடந்தன. கொண்டென்சர் பழுதாய்ப்போனால் பொயின்ற் இப்படித்தான் எரியும் என்று இரண்டையும் மாற்றினான், இடைவெளியைத் தகடு வைத்துச் சரிபார்த்தான், பிறகு ஒரு பிளக்கைக் கழற்றி வயரோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதைப் பிடிக்க ஆள் தேடிச் சுற்றுமுற்றும் பார்த்தான். அவனுக்கோ பொயின்ற் திறக்கிறதைக் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. இரத்தினம் முன்னால் எஞ்சினைக் கையால் சுற்றுகிற ஹான்டிலைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக் கூப்பிட்டான்.

"தங்கச்சி, இதை ஒருக்காப் பிடியுங்கோ. துணியால பிடிச்சு எஞ்சின் இரும்பில முட்ட வச்சிருங்கோ. நீலமாப் பாய்ஞ்சால் நல்லது, மஞ்சளெண்டால் பலம் காணாது."

இப்படித்தான் சுகிர்தா ஒரு வருடத்துக்குப் பிறகு கொட்டிலுக்குள் வந்தாள். பிளக்கைப் பிடித்தாள். இரத்தினம் சீலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு ஹான்டிலை ஓங்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். பிளக்கின் நுனியில் 'சடக்' என்று ஒரு பொறி பாய்ந்தது, நல்ல நீலமாய், கொழுத்ததாய்ப் பாய்ந்தது, பாய்ந்தது அணையவில்லை. எஞ்சினின் மேல் ஒரு கடலை அளவில் உருண்டு நின்றது. பிறகு சுகிர்தாவின் விரலில் ஏறி, மணிக்கட்டில் ஏறி, அங்கே கொஞ்ச நேரம் தங்கியது. சுடவில்லை, கன்றுக்குட்டி நக்கினதுபோல ஒரு கூச்சம் மட்டும் இருந்தது. பிறகு அவள் தோளிலிருந்து வேலிக் கிடுகுக்குத் தாவி, கிடுகிலிருந்து பூவரசங் கொப்புக்குத் தாவி, ஊருக்குள் போய்விட்டது.

யோகேந்திரன் கையைத் துடைத்தான். "நல்ல நீலம். பொயின்ற் சரி" என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனால் உள்ளுக்கு நிக்கேல்லை" என்றான்.

அதற்குப் பிறகு அந்தக் காரில் பொறி வரவில்லை. அவன் மறுநாளும் வந்தான், அதற்கு மறுநாளும் வந்தான். டிஸ்ரிபியூட்டருக்குள் சுற்றுகிற ரோட்டர் கையில் வெடிப்பு இருக்குமோ என்று அதை மாற்றினான், மூடியை மாற்றினான், வயர்களை ஒவ்வொன்றாய் மாற்றினான், கடைசியில் பருத்தித்துறைக்குப் போய், கரண்டின் பலத்தைக் கூட்டுகிற கொயிலும் வாங்கி வந்து பூட்டினான். ஒவ்வொன்றையும் மாற்றிய பிறகு சோதித்தான். சோதனை பல்பு பளிச்சென்று எரிந்தது, கரண்ட் வரவேண்டிய இடமெல்லாம் வந்தது, பிளக்கின் நுனியில் மட்டும் ஒன்றும் பாயவில்லை. "சாமான் எல்லாம் சரி. இருந்தது ஒரு பொறி, அது இறங்கிப்போட்டுது" என்று சொல்லிக் கருவிகளைப் பொறுக்கிக்கொண்டு போனான்.

ஊர் முதலில் கொஞ்சம் ஒதுங்கி நின்று பார்த்தது. பிறகு, வழிதவறி வந்த ஆட்டுக்குட்டிக்கு இடங்கொடுக்கிற மாதிரி அதற்கும் இடங்கொடுத்தது. அடுப்பு மூட்டப்போன பக்கத்து வீட்டுத் திலகவதி நெருப்புப்பெட்டி நனைந்துபோனதென்று வாசலில் நின்று புலம்ப, அது கூரையிலிருந்து இறங்கி வந்து காய்ந்த தென்னம் பன்னாடையில் ஒரு தட்டுத் தட்டி மூட்டிவிட்டுப் போனது. அன்றையிலிருந்து அந்தத் தெருவில் நெருப்புப்பெட்டி வாங்குகிற வழக்கம் குறைந்தது. பெண்கள் அடுப்படி ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, "மோனை, இஞ்சயும் ஒருக்கா வா" என்று சாதாரணமாகக் கூப்பிட்டார்கள். கடலுக்குப் போகிறவர்கள் போட் எஞ்சின் அடம்பிடிக்கிற காலைகளில் கரையில் நின்று கைதட்டினார்கள், அது வந்து எஞ்சினின் தலையில் குந்தியதும் முதல் இழுவையிலேயே எஞ்சின் பிடித்தது. பிள்ளையார் கோயில் ஐயர் அதற்கு ஒரு விளக்கில் திரியில்லாமல் இடம் ஒதுக்கினார். பூசை முடியும்வரை மரியாதையாய் நின்றுவிட்டு, அது பின்னேரம் அந்தோனியார் கோயில் மெழுகுதிரித் தட்டுக்குப் போனது, அதைப்பற்றி இரு தரப்பிலும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கொடியில் காய்கிற உடுப்புக்களை எடுக்கிறவர்கள் முதலில் உதறிப் பார்த்து எடுத்தார்கள், அதற்கு நோகக்கூடாதென்று. மழை இருட்டினால் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து, "எங்கட தாழ்வாரத்திலதான் நிக்குது, தேடாதேங்கோ" என்று குரல் வந்தது. மின்சாரம் எங்கேயோ ஒழுகுகிறதென்று கேள்விப்பட்டு ஒரு மின்சாரசபை உத்தியோகத்தர் மீற்றரோடு வந்தார். அதற்குப் பக்கத்தில் மீற்றரைப் பிடித்துப் பார்த்து, இது தங்களுடையது இல்லை என்று சொல்லி, திலகவதி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, அது தன் தொப்பியில் ஏறி இறங்கும்வரை பொறுமையாய் இருந்துவிட்டுப் போனார்.

எங்கே சுற்றினாலும் பின்னேரம் ஆனதும் அது சுகிர்தாவிடம் வந்தது. தையல் மெசினின் ஊசிக்கு மேலே குந்தி, அவள் நூல் கோர்க்கிற நேரம் ஊசித் துளைக்குப் பின்னால் போய் நின்று வெளிச்சம் காட்டியது. அவள் அதோடு கதைக்கத் தொடங்கினாள். இன்றைக்கு ஆர் என்ன தைக்கக் கொண்டுவந்தார், ஆருடைய இடுப்பளவு கூடிப்போனது, எந்தத் துணி சாயம் போகும் என்றெல்லாம் கதைத்தாள், ஒருநாள் சத்தமாகச் சிரித்தாள். அடுப்படியில் நின்ற இரத்தினம் அகப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு அந்தச் சிரிப்பு முடியும்வரை கேட்டாள்.

அது பகீரதன்தான் என்று ஊர் முடிவு செய்திருந்தது. பெலத்து ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் அது கடந்துபோகும்போது ஆண்கள் சுருட்டைக் கீழே இறக்கினார்கள், பெண்கள் "சாப்பிட்டியோ ராசா" என்று வாய்க்குள் கேட்டார்கள். திலகவதிதான் ஒருநாள் ஒரு கிண்ணத்தில் மாப்பிட்டு கொண்டுவந்து வைத்துவிட்டு, "அக்கா, உங்களுக்குத் தெரியாததோ, பிள்ளை உங்களைப் பாக்க வந்திருக்கிறான்" என்று கண்ணைத் துடைத்தாள்.

"என்ர பிள்ளையெண்டால் முதல்ல சாப்பாட்டுக்கு வந்திருப்பான்" என்றாள் இரத்தினம். "உது கார்ப் பொறி. பிட்டுக்கு நல்லாத் தேங்காய்ப்பூ போட்டிருக்கிறாய்."

ஊருக்கு அவளுடைய மனத்திடத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. இரத்தினம் மாதிரி ஒரு தாய் இருக்கமுடியுமோ என்று கிணற்றடிகளில் கதைத்துக்கொண்டார்கள்.

மழைக்காலம் முடிகிற நேரம் பொறி இளைக்கத் தொடங்கியது. முதலில் கண்டவள் திலகவதி. அடுப்பு ஒரு தட்டில் மூளவில்லை, திரும்பத் திரும்பத் தட்ட வேண்டியிருந்தது. நீலம் வெளிறியது, பிறகு மஞ்சள் கலந்தது, கடலை அளவு இருந்தது எள்ளளவுக்கு வந்தது. பூவரசங் கொப்பிலிருந்து கிடுகுக்குத் தாவுகிறபோது இடையில் விழுந்து, மணலில் கொஞ்ச நேரம் கிடந்து, எழும்பிப் போனது. ஊர் பதறியது. கற்பூரம் கொளுத்தி வைத்தார்கள், மண்ணெண்ணெய்த் துணி வைத்தார்கள், பிள்ளைகள் சீப்பைத் தலையில் தேய்த்துத் தேய்த்து அதற்கு நீட்டினார்கள், ஐயர் நெய் விட்டார், அந்தோனியார் கோயிலில் ஒரு பூசை ஒப்புக்கொடுத்தார்கள். அது எல்லாவற்றுக்கும் கிட்டப் போய், மரியாதைக்காக ஒருமுறை மினுங்கிவிட்டுத் திரும்பியது.

யோகேந்திரன் வந்து தையல் மெசினுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு அதைப் பார்த்தான். "மஞ்சளாப் போச்சு" என்றான்.

"என்ன செய்யலாம் அண்ணை?"

"பொறி எண்டது வேலை செய்தால்தான் தங்கச்சி பொறி. வெளியில நிண்டால் இப்பிடித்தான் தேயும். இன்னும் கொஞ்ச நாள்தான்."

"திரும்பவும் பிடிச்சு உள்ளுக்கு அடைக்கச் சொல்லுறியளோ?"

"அடைக்கிறதில்லை. அது அதின்ர வேலைக்குப் போறது." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "ஆனால் சும்மா உள்ளுக்கு வச்சு மூடியும் பிரயோசனமில்லை. கார் ஓட வேணும். நாளாந்தம் ஓட வேணும்."

அன்று பின்னேரம் சுகிர்தா அடுப்படிக்குள் வந்து, மீன் வெட்டிக்கொண்டிருந்த இரத்தினத்துக்கு முன்னால் நின்றாள்.

"உள்ளுக்கு விட்டால் பேந்து அதைக் காணேலாது, மாமி."

"ஓம்."

"ஊர் முழுக்க அவர் எண்டு சொல்லுது. நீங்கள் பெத்த தாய்தானே. உங்களுக்கு ஒண்டும் தோணேல்லையோ?"

இரத்தினம் கத்தியைச் சட்டியின் விளிம்பில் வைத்தாள். கையைக் கழுவினாள், சீலையில் துடைத்தாள்.

"நான் சோதிச்சுப் பாக்காமல் இருந்தனெண்டு நினைக்கிறியோ? நீ எழும்ப முதல் வேலியடிக்குப் போய், சின்னனில கூப்பிடுற பேரைச் சொல்லிக் கூப்பிட்டன். மெல்லமாயும் கூப்பிட்டன், உறுக்கியும் கூப்பிட்டன். அது நிண்ட இடத்திலயே நிண்டது. பேந்து ஒருநாள் அவனுக்கு விருப்பமான றால் பொரிச்சு வேலியில கொண்டுபோய் வச்சன். பேந்து, உன்ர கொப்பன் ஒரு கள்ளன் எண்டு சொன்னன். அவனெண்டால் பாய்ஞ்சு விழுந்திருப்பான், தேப்பனைச் சொல்ல விட்டவனோ? அது அசையேல்லை. யோகேந்திரன் சாமானைச் சோதிச்ச மாதிரி ஒவ்வொண்டாச் சோதிச்சன் பிள்ளை. அவன் இல்லை. எங்கயும் இல்லை."

சுகிர்தா அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். "எனக்கும் தெரியும், மாமி" என்றாள். "முதல் நாளே தெரியும். அவரெண்டால் என்ர கையில ஏறமுதல் யோகேந்திரன் அண்ணையை ஒரு பகிடி பண்ணியிருப்பார்."

இரத்தினத்துக்குச் சிரிப்பு வந்தது. சுகிர்தாவுக்கும் வந்தது. இரண்டு பேரும் அரைவாசி வெட்டிய மீனுக்கு முன்னால் இருந்து சிரித்தார்கள்.

"பேந்து ஏன் பிள்ளை அதைப் பிடிச்சு வச்சுக்கொண்டிருக்கிறாய்?"

"நான் பிடிச்சு வைக்கேல்லை. சின்னதா ஒண்டு, என்னைத் தேடி வருது. என்னட்ட அப்பிடி ஆர் மாமி வந்தது?"

இரத்தினம் அவள் தலையைத் தன் முழங்காலில் சாய்த்துக்கொண்டாள். மீன் மணக்கிற கையால் தலைமயிரைத் தொடக்கூடாதென்று புறங்கையால் தடவினாள். ஜன்னல் விளிம்பில் பொறி வந்து நின்றது. எள்ளிலும் சின்னதாக, மஞ்சளும் போய்ச் சிவந்து, அணைகிற ஊதுபத்தியின் நுனிபோல நின்றது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"காலமை யோகேந்திரன் அண்ணையை வரச்சொல்லுங்கோ" என்றாள் சுகிர்தா.

மறுநாள் காலையில் ஊரில் பாதி வேலியோரம் நின்றது. உள்ளே வாருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை, அவர்களும் வரவில்லை. யோகேந்திரன் பற்றறியைப் பூட்டி, பிளக்குகளை இறுக்கி, கொயில் வயரைச் சரிபார்த்து, எல்லாம் தயார் என்று தலையாட்டிவிட்டுத் தள்ளி நின்றான். சுகிர்தாதான் டிஸ்ரிபியூட்டர் மூடியின் கிளிப்புகளைத் தட்டித் திறந்தாள். காய்ந்த துணியால் உட்பக்கத்தை ஈரமில்லாமல் துடைத்தாள். உள்ளங்கையில் கொண்டுவந்த பொறியை ரோட்டருக்குப் பக்கத்தில் பிடித்தாள். அது இறங்கவில்லை. அவள் விரல் இடுக்கில் ஒட்டிக்கொண்டு நின்றது.

"போ குஞ்சு. போய் வேலையைப் பார்" என்றாள் சுகிர்தா. அது அசையவில்லை. அவள் காரின் வலதுபக்கக் கதவைப் பார்த்தாள், அதற்குள்ளே ஓடுகிறவனின் இருக்கையில் பகீரதனின் முதுகு பதிந்த பள்ளத்தைப் பார்த்தாள், பிறகு குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "நானும் வாறன். அந்த சீற்றில நான்தான் இருப்பன். சத்தியமா."

பொறி விரலிலிருந்து இறங்கி ரோட்டரின் செப்பு நுனியில் போய்க் குந்தியது. அவள் மூடியை வைத்து இரண்டு கிளிப்பையும் மாட்டினாள். கதவைத் திறந்து, ஏறி, அந்தப் பள்ளத்தில் இருந்தாள். பள்ளம் அவளுக்குப் பெரிதாக இருந்தது, கொஞ்சம் முன்னால் தள்ளி இருந்துகொண்டாள். சாவியைத் திருப்பினாள். இரத்தினம் ஹான்டிலைச் சுற்றினாள், எஞ்சின் இருமிவிட்டு நின்றது. மீண்டும் சுற்றினாள், மீண்டும் இருமியது. யோகேந்திரன் உதவிக்கு வரக் கால் எடுத்து வைத்தான், இரத்தினம் அவனைக் கையால் மறித்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு சுற்றுச் சுற்றினாள், ஒஸ்ரின் உடம்பு முழுவதும் குலுங்கிப் பிடித்தது, கொட்டிலின் கிடுகிலிருந்து ஒரு வருடத்துக்கு மேலான தூசி அவர்கள் எல்லோர் மேலும் கொட்டியது.

யோகேந்திரன் காதைச் சரித்துக் கேட்டான். "நாலிலயும் போகுது" என்றான். ஒரு பொறி எப்படி நாலு பிளக்குக்கும் போகிறதென்று ஒருவரும் அவனைக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு தாழைத்துறையில் பொறியை வெளியே கண்டவர் இல்லை. சில நாட்களுக்குப் பெண்கள் அடுப்படி ஜன்னலைத் திறந்து வைத்துப் பார்த்தார்கள், உடுப்பை உதறி எடுத்தார்கள், கடலுக்குப் போகிறவர்கள் கரையில் நின்று கைதட்டிவிட்டு வெட்கப்பட்டார்கள். பிறகு திலகவதி கடைக்குப் போய் நெருப்புப்பெட்டி வாங்கி வந்தாள், மற்றவர்களும் வாங்கினார்கள். சுகிர்தா காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கினாள், மத்தியானத்தில் தைத்தாள், கலியாணமென்றால் பருத்தித்துறைவரை ஓடினாள். கார் ஒருநாளும் வழியில் நிற்கவில்லை.

ஆனால் சொல்லவேண்டியது அந்த முதல் ஓட்டத்தைப்பற்றி. படலைக்கு வெளியே கார் வந்ததும் பிள்ளைகள் ஏறிக்கொள்ள ஓடிவந்தார்கள், "இண்டைக்கு ஒருத்தரும் வேண்டாம்" என்று இரத்தினம் தான்மட்டும் முன் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினாள். கியர் முதலில் விழவில்லை, பிறகு விழுந்தது. கோயிலைத் தாண்டி, கடற்கரை ஒழுங்கைக்குத் திரும்பி, வலைகள் காய்கிற இடத்தைக் கடக்கும்போது பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. எஞ்சினில்தான் ஏதோ என்று சுகிர்தா பயந்தாள். திரும்பிப் பார்த்தாள். இரத்தினம் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

செத்த வீட்டிலும் அழாதவள், எட்டாம் நாள் எட்டுச் செலவிலும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியிலும் மற்றவர்களின் கண்ணைத் துடைத்துவிட்டவள், இப்போது முதலில் மெல்லமாகவும் பிறகு பெலத்தும் அழுதாள். பகீரதனைச் சின்னனில் கூப்பிடுகிற பேரைச் சொல்லி அழுதாள். வேலிகள் கிட்டக் கிட்ட இருக்கிற ஊர், வீட்டுக்குள் விக்கினாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். ஒஸ்ரினுக்குள்ளோ எஞ்சின் இரைந்தது, கதவுகள் கடகடத்தன, கடலும் இரைந்தது, ஒருவருக்கும் கேட்கவில்லை.

சுகிர்தா காரை நிறுத்தவில்லை. அழவேண்டாம் என்றும் சொல்லவில்லை. கியரை இரண்டுக்கு இறக்கி, எஞ்சின் இன்னும் கொஞ்சம் பெலத்து இரைகிற மாதிரி மிதித்தாள். வீட்டுக்குத் திரும்புகிற முடக்கு வந்தது, திரும்பாமல் நேரே போனாள். ஊரைச் சுற்றிக்கொண்டு வந்தபோது முடக்கு மறுபடியும் வந்தது, மறுபடியும் நேரே போனாள்.

வேலியோரம் நின்றவர்கள் கார் திரும்பத் திரும்பப் போவதைப் பார்த்தார்கள். "கன நாளைக்குப் பிறகு ஓடுறாள், பழகட்டும்" என்று சொல்லிக்கொண்டு, ஆடுகளையும் பிள்ளைகளையும் வழியிலிருந்து ஒதுக்கிவிட்டார்கள்.